கணினியின் இணைப்புத் துறைகள்

கணினியின் இணைப்புத் துறை என்பது விசைப்பலகை, சுட்டி, கணித்திரை, அச்சுப்பொறி, வலையமைப்பு வடம் முதலியவற்றைக் கணினியுடன் பொருத்துவதற்காக அதன் வெளிப்புறத்தில் அமைக்கப்பட்டுள்ள வாய் ஆகும். பேச்சு வழக்கில் இது போர்ட் எனப்படுகிறது. மேசைக்கணினியில் பெரும்பாலான துறைகள் பெட்டியின் பின்புறத்தில், தாய்ப்பலகையின் விளிம்பிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மடிக்கணினியில் இவை பெரும்பாலும் பக்கவாட்டு விளிம்புகளில் அமைந்துள்ளன.

ஒரு வடம் ஒரு துறையில் பொருந்துகிறது என்பதற்கும் அதன் வழியே கருவி இயங்கும் என்பதற்கும் வேறுபாடு உண்டு. வீட்டுக் கணினிகளில் இணைப்புத் தொடர்பாக எழும் குழப்பங்களில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருவது. எனவே இக்கட்டுரை துறைகளின் உருவத்தை மட்டுமன்றி அவற்றின் உள்ளே நடப்பதையும் விளக்குகிறது. இணைய நெறிமுறைகளில் வரும் துறை எண்கள் (எ.கா: வலைத்தளங்களுக்கான 80, 443) மென்பொருள் சார்ந்தவை. அவை இக்கட்டுரையின் பொருள் அல்ல.

பெயர்

போர்ட் என்னும் ஆங்கிலச் சொல் இவ்விடத்தில் வாயில் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் வழங்கும் துறை என்ற சொல்லோ கப்பல்கள் அணையும் துறைமுகப் பொருளைத் தழுவியது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது சற்று வழிமாறியதே. எனினும் சரக்கு இறங்கவும் ஏறவும் உரிய இடம் என்ற கருத்து நன்றாகவே பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் துறை என்ற சொல்லே பயில்கிறது. தமிழகப் பாடநூல்களில் தொடர்பு முகம் என்ற சொல்லும் காணப்படுகிறது.

உருவமும் நெறிமுறையும்

ஒவ்வொரு துறையிலும் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று இணைப்பியின் உருவம், அதாவது எத்தனை ஊசிகள், எத்தகைய வரிசை, எந்த வடிவ ஓடு என்பன. மற்றொன்று அவ்வூசிகளின் வழியே செல்லும் மின்குறிகைகளுக்கான நெறிமுறை, அதாவது எந்த ஊசியில் எவ்வளவு மின்னழுத்தம், எந்த வேகம், யார் முதலில் பேசுவது என்னும் விதிகள்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. 1980களின் ஐ.பி.எம். கணினிகளில் ஒன்பது ஊசி கொண்ட டி வடிவ இணைப்பி ஒரு பக்கம் கணித்திரைக்கும் மறுபக்கம் தொடர் துறைக்கும் பயன்பட்டது. ஊசியாக நீட்டி நிற்கிறதா, துளையாக இருக்கிறதா என்பதைக் கொண்டே அவற்றை வேறுபடுத்த வேண்டியிருந்தது. அக்காலத்து மெக்கின்டாசுக் கணினிகளில் வட்டுகளை இணைக்கும் 25 துளைத் துறையும், ஐ.பி.எம். கணினியில் அச்சுப்பொறியை இணைக்கும் 25 துளைத் துறையும் கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றும். இதற்கு நேர்மாறாக, டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ. ஆகிய திரைத் துறைகள் உருவத்தில் சற்றும் ஒத்தவை அல்ல. ஆனால் அவற்றின் படக்குறிகை அடிப்படையில் ஒன்றே என்பதால், ஒரு முனையில் இதுவும் மறுமுனையில் அதுவுமாக உள்ள எளிய வடமே போதுமானது. உள்ளே எந்த மின்னணுச் சுற்றும் தேவையில்லை.

பயனரின் குழப்பத்தைக் குறைக்க மைக்ரோசாஃப்ட், இன்டெல் நிறுவனங்கள் வெளியிட்ட பிசி 99 என்ற வடிவமைப்பு வழிகாட்டி ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிறத்தைப் பரிந்துரைத்தது. விசைப்பலகைக்கு ஊதா, சுட்டிக்குப் பச்சை, அனலாக் திரைக்கு நீலம், ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பு, ஒலிபெருக்கிக்கு எலுமிச்சைப் பச்சை என்பன அவற்றுள் சில. ஒலித் துறைகளின் நிறங்கள் இன்றும் பல தாய்ப்பலகைகளில் தொடர்கின்றன.

தொடர் துறை

ஒரே கம்பியில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் துறை தொடர் துறை எனப்படும். இதன் சீர்தரமான ஆர்.எஸ்.-232, 1960இல் தொலைத்தட்டச்சுக் கருவிகளையும் மோடத்தையும் இணைப்பதற்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் இது 25 ஊசிகளுடனும், 1984இன் ஏ.டி. வகைக் கணினியில் 9 ஊசிகளுடனும் அமைந்தது. வீட்டுக் கணினிகளில் மோடம், சுட்டி ஆகியன இதன்வழி இணைக்கப்பட்டன. வழக்கமான மேல்வேகம் நொடிக்கு 1,15,200 பிட்டுகள்.

இத்துறையில் 1 என்ற பிட்டு −3 முதல் −15 வோல்ட்டு வரையிலும், 0 என்ற பிட்டு +3 முதல் +15 வோல்ட்டு வரையிலும் குறிக்கப்படுகிறது. மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைகளிலும் தொடர் இணைப்புக்கான ஊசிகள் உள்ளன. நெறிமுறையில் பிட்டுகளின் ஒழுங்கும் ஒன்றே. ஆனால் அங்கு மின்னழுத்தம் 0 முதல் 5 அல்லது 3.3 வோல்ட்டு மட்டுமே, குறியும் தலைகீழ். கணினியின் ஒன்பது ஊசித் துறையை நேரடியாக அவ்வூசிகளில் இணைத்தால் சில்லு எரிந்துபோக வாய்ப்புண்டு. இடையில் மேக்ஸ்232 போன்ற மாற்றிச் சில்லு தேவை.

வீட்டுக் கணினிகளிலிருந்து தொடர் துறை மறைந்துவிட்டாலும், எடைப்பொறி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், வலையமைப்பு வழிச்செலுத்திகள் ஆகியவற்றில் இன்றும் உள்ளது. தேவைப்படுவோர் யூ.எஸ்.பி. மாற்றியைப் பயன்படுத்துகின்றனர்.

இணைத் துறை

எட்டு பிட்டுகளையும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்புவது இணைத் துறை ஆகும். சென்ட்ரானிக்சு நிறுவனம் 1970இல் தன் அச்சுப்பொறிக்கு வகுத்த முறையைத் தழுவி இது ஐ.பி.எம். கணினியில் 25 துளைகளுடன் இடம்பெற்றது. 1994இல் ஐ.இ.இ.இ. 1284 என்னும் சீர்தரமாயிற்று. புள்ளி அச்சுப்பொறிகள் நெடுங்காலம் இதையே நம்பியிருந்தன.

எட்டுக் கம்பிகள் ஒரு கம்பியைவிட வேகமாக இருக்க வேண்டுமே, பின் ஏன் இத்துறை வழக்கொழிந்து தொடர் முறை வென்றது என்ற ஐயம் எழுவது இயல்பு. விடை, எட்டுப் பிட்டுகளும் ஒரே நொடியில் புறப்பட்டாலும் ஒரே நொடியில் சென்று சேர்வதில்லை என்பதில் உள்ளது. கம்பிகளின் நீளத்திலும் தன்மையிலும் உள்ள சிறு வேறுபாடுகளால் சில பிட்டுகள் முந்தும், சில பிந்தும். எட்டும் வந்து சேரும்வரை பெறும் கருவி காத்திருக்க வேண்டும். மெதுவான வேகத்தில் இது ஒரு பொருட்டல்ல. நொடிக்கு 500 கோடிப் பிட்டுகள் என்ற வேகத்திலோ ஒரு பிட்டின் வாழ்நாள் ஒரு நானோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்நேரத்தில் குறிகை வடத்தில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டரே கடக்கும். கம்பிகளின் நீளம் அவ்வளவு வேறுபட்டாலே ஒரு பிட்டு முழுதாகத் தள்ளிப் போய்விடும். ஒரு பிட்டுத்தொடர் ஒரே கம்பி இணையில், காலக் குறிப்பையும் தன்னுள்ளே கொண்டு சென்றால் இச்சிக்கல் இல்லை. யூ.எஸ்.பி., சாட்டா, பி.சி.ஐ. எக்சுபிரசு ஆகிய அனைத்தும் தொடர் முறையைக் கைக்கொண்டதற்கு இது முதன்மைக் காரணம்.

பி.எசு./2 துறை

1987இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.எசு./2 கணினியில் விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஆறு ஊசி கொண்ட வட்டவடிவத் துறைகள் அமைக்கப்பட்டன. கணினி மறைந்தது, துறையின் பெயரில் மட்டும் அது நிலைத்தது. இரண்டும் ஒரே உருவம் என்பதால் விசைப்பலகையைச் சுட்டியின் துறையில் செருகிவிட்டு, கணினி பழுதென்று கருதியோர் பலர். இத்துறை கணினி இயங்கும்போது செருகவோ பிடுங்கவோ வடிவமைக்கப்பட்டதன்று. அவ்வாறு செய்தால் தாய்ப்பலகையிலுள்ள சிறு உருகி போய்விடக்கூடும். சில தாய்ப்பலகைகளில் இத்துறை இன்றும் ஒன்றேனும் இடம்பெறுகிறது.

திரைக்கான துறைகள்

வி.ஜி.ஏ. எனப்படும் 15 துளைத் துறையும் 1987இன் அதே பி.எசு./2 கணினியோடு வந்ததே. மூன்று வரிசைகளில் வரிசைக்கு ஐந்தாக அமைந்த இதன் ஊசிகளில் 1, 2, 3 ஆகியன முறையே சிவப்பு, பச்சை, நீல நிறங்களை அனலாக் குறிகையாக, அதாவது கூடிக் குறையும் மின்னழுத்தமாகக் கொண்டு செல்கின்றன. 13, 14 ஆகிய ஊசிகள் கிடைவரியும் திரைப்படமும் எங்கு தொடங்குகின்றன என்பதைத் திரைக்குத் தெரிவிக்கின்றன.

இந்த ஒழுங்கை அறிந்தால் பழுதைக் கண்ணாலேயே கண்டறியலாம். திரை முழுதும் மஞ்சளாகத் தோன்றினால் நீலம் வந்து சேரவில்லை என்று பொருள். பச்சை நின்றுபோனால் திரை கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும், சிவப்பு நின்றுபோனால் பச்சை கலந்த நீலமாகவும் மாறும். திரையையோ கணினியையோ பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், வடத்தின் முனையில் ஊசி ஏதும் வளைந்துள்ளதா எனப் பார்த்தால் போதும். பெரும்பாலும் ஒரு சிறு இடுக்கியால் நிமிர்த்திவிடலாம். நடு வரிசையின் நான்காவது ஊசி மட்டும் இல்லையென்றால் அஞ்ச வேண்டாம். பல வடங்களில் ஒன்பதாம் ஊசி பிறப்பிலேயே கிடையாது. நிறங்கள் சரியாக இருந்து, திரையின் முழு நுணுக்கத்தைத் தேர்ந்தெடுக்க இயலவில்லையெனில் 12 அல்லது 15ஆம் ஊசியை ஐயுறலாம். திரை தன் திறன்களைக் கணினிக்குச் சொல்வது அவற்றின் வழியே.

2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் 2015க்குள் வி.ஜி.ஏ.வைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆயினும் வகுப்பறைகளின் புரொஜெக்டர்களில் அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது.

1999இல் வந்த டி.வி.ஐ. படத்தை எண்முறையில் அனுப்பியது. இதில் எண்முறை மட்டும், அனலாக் மட்டும், இரண்டும் என மூன்று உட்பிரிவுகள் இருந்தமையால் குழப்பம் மிகுந்தது. 2002இன் இறுதியில் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. அதே குறிகையுடன் ஒலியையும் சேர்த்து, தொலைக்காட்சிக்கேற்ற சிறு 19 ஊசி உருவத்தில் வந்தது. 2006இல் வீசா அமைப்பு வெளியிட்ட டிசுப்ளேபோர்ட் 20 ஊசிகளைக் கொண்டது. ஒரு மூலை வெட்டப்பட்டது போன்ற தோற்றம் உடையது. இது படத்தை வலையமைப்புத் தரவைப்போலச் சிறு பொதிகளாக அனுப்புகிறது. அதன் செருகியில் பெரும்பாலும் பூட்டும் கொக்கிகள் இருப்பதால், தலையிலுள்ள பொத்தானை அழுத்தாமல் இழுத்தால் துறையே பெயர்ந்து வரும்.

மாற்றிகள் வாங்கும்போது திசையைக் கவனிக்க வேண்டும். கணினியின் பெரும்பாலான டிசுப்ளேபோர்ட் துறைகள் எச்.டி.எம்.ஐ. குறிகையையும் தரவல்லவை என்பதால், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்கு மலிவான மாற்றியே போதும். எச்.டி.எம்.ஐ. கணினியிலிருந்து டிசுப்ளேபோர்ட் திரைக்கு அதே மாற்றியைத் திருப்பிப் போட்டால் இயங்காது. மின்சாரம் பெற்று இயங்கும் மாற்றுச்சுற்று தேவை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து பழைய வி.ஜி.ஏ. புரொஜெக்டருக்கும் அவ்வாறே.

தனி வரைகலை அட்டை பொருத்திய மேசைக்கணினியின் பின்புறம் இரண்டு இடங்களில் திரைத் துறைகள் இருக்கும். வடத்தை அட்டையிலுள்ள துறையில் செருகாமல் தாய்ப்பலகையிலுள்ள துறையில் செருகினால், விலைகொடுத்து வாங்கிய அட்டை வேலையின்றிக் கிடக்கும், அல்லது திரை கறுப்பாகவே இருக்கும்.

யூ.எஸ்.பி.

அனைத்துக்குமான தொடர் பாட்டை என்று பொருள்படும் யூனிவர்சல் சீரியல் பசு என்பதன் சுருக்கமே யூ.எஸ்.பி. ஆகும். அச்சுப்பொறிக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று எனத் துறைகள் பெருகி, ஒவ்வொன்றையும் இணைத்தபின் கணினியை மறுபடி தொடக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, காம்பேக், டெக், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி இதை உருவாக்கின. முதற்பதிப்பு 1996 சனவரியில் வெளிவந்தது. இன்டெல் குழுவில் முதன்மைப் பங்காற்றியவர் குசராத்தின் வடோதராவில் பயின்ற அசய் பட். 1998இல் ஆப்பிள் நிறுவனம் பழைய துறைகளை நீக்கிவிட்டு யூ.எஸ்.பி.யை மட்டுமே நம்பி ஐமேக் கணினியை வெளியிட்டது இதன் பரவலுக்குத் துணைசெய்தது.

செருகியை முதன்முறை சரியாகச் செருகியவர் இலர் என்பது உலகறிந்த நகைச்சுவை. இருபுறமும் செருகத்தக்கதாக அமைத்தால் கம்பிகளும் சுற்றுகளும் இருமடங்காகி விலை கூடும் என்பதாலேயே ஒருபுறச் செருகியாக விடப்பட்டது என்று பட் பின்னாளில் விளக்கியுள்ளார்.

பதிப்பு 2.0 வரையிலான ஏ வகைச் செருகியின் உள்ளே நான்கு உலோக இழைகள் உள்ளன. ஓரத்தில் உள்ள இரண்டும் 5 வோல்ட்டு மின்சாரத்துக்கும் புவி இணைப்புக்கும் உரியவை. நடுவில் உள்ள இரண்டும் தரவுக்கு உரியவை. உற்றுப் பார்த்தால் ஓர இழைகள் நடு இழைகளைவிடச் சற்று நீளமாக இருப்பதைக் காணலாம். செருகும்போது முதலில் மின்சாரமும் பின்னரே தரவும் தொடவும், பிடுங்கும்போது தரவு முதலில் விலகவும் இவ்வேற்பாடு. இயங்கும் கணினியில் அச்சமின்றிச் செருக முடிவது இந்த ஒரு மில்லிமீட்டர் அளவிலான நுட்பத்தால்தான்.

செருகியவுடன் கருவி தன் இரு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1,500 ஓம் மின்தடையத்தின் வழியே மேலே இழுக்கிறது. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதைக் கொண்டு வேகத்தைக் கணினி அறிகிறது. பின்னர் அக்கருவிக்கு ஓர் எண் வழங்கி, நீ யார் எனக் கேட்கிறது. கருவி தன் உற்பத்தியாளர் எண், பொருள் எண், வகை ஆகியவற்றைத் தெரிவிக்கிறது. இயங்குதளம் அதற்குரிய இயக்கி மென்பொருளைத் தேடி இணைக்கிறது. எண் ஏழு பிட்டுகளால் ஆனது என்பதால் ஒரு கட்டுப்படுத்தியின் கீழ் 127 கருவிகள் வரை இருக்கலாம். கணினி கேட்டாலன்றிக் கருவி பேசாது என்பது அடிப்படை விதி. நாம் சுட்டியை நகர்த்தும்போது சுட்டி செய்தி அனுப்புவதில்லை. கணினி நொடிக்குப் பலமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது விடை சொல்கிறது.

முதற்பதிப்பின் மேல்வேகம் நொடிக்கு 12 மெகாபிட்டு. 2000இன் பதிப்பு 2.0 அதை 480 மெகாபிட்டாகவும், 2008இன் பதிப்பு 3.0 அதை 5 சிகாபிட்டாகவும் உயர்த்தின. 4 சிகாபைட்டு அளவுள்ள திரைப்படம் ஒன்றைப் படியெடுக்க, ஏட்டளவில் முதற்பதிப்பில் 44 நிமிடங்களும், 2.0இல் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலும், 3.0இல் ஏறத்தாழ 8 நொடிகளும் ஆகும். நடைமுறையில் விரலியின் உள்ளேயுள்ள நினைவகச் சில்லே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். 3.0 துறையின் உட்புறம் பெரும்பாலும் நீலநிறத்தில் இருக்கும். அதில் கூடுதலாக ஐந்து இழைகள் பின்வரிசையில் உள்ளன. செருகியை மிக மெதுவாகச் செருகினால் முன்வரிசையின் பழைய இழைகள் மட்டும் முதலில் தொட்டு, கருவி 2.0 வேகத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. பிடுங்கி, ஒரே மூச்சில் செருகினால் சரியாகும். மேலும் 3.0 குறிகையின் மின்காந்த இரைச்சல் 2.4 சிகாஎர்ட்சு அலைவரிசையில் கலப்பதை இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்குகிறது. கம்பியில்லாச் சுட்டியின் ஏற்பி ஒரு 3.0 வன்தட்டுக்கு அருகில் இருந்து, சுட்டி திக்கித் திணறினால், ஏற்பியை வேறொரு துறைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

பிற்காலப் பதிப்புகளின் பெயரிடல் வருந்தத்தக்கது. 3.0 என்று வாங்கிய அதே வேகம் 3.1 தலைமுறை 1 என்றும், பின்னர் 3.2 தலைமுறை 1 என்றும் பெயர் மாறியது. விளம்பரத்தில் 3.2 என்று மட்டும் கண்டால் வேகம் 5, 10, 20 சிகாபிட்டு ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எனவே பதிப்பு எண்ணை விடுத்து, சிகாபிட்டு அளவைப் பார்த்து வாங்குவதே தக்கது.

விரலியில் கோப்பைப் படியெடுத்து முடிந்ததாகத் திரை காட்டினாலும், தரவு இன்னும் கணினியின் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். அந்நிலையில் பிடுங்கினால் அக்கோப்பு மட்டுமன்றி, விரலியின் கோப்பு அட்டவணையே சிதையலாம். 2018இல் வெளிவந்த விண்டோசு 10இன் பதிப்பிலிருந்து, எழுதுவதைத் தள்ளிப்போடாத முறை இயல்பிருப்பாக்கப்பட்டது. லினக்சு இயங்குதளங்களில் விரலியை முறைப்படி விடுவித்தபின் பிடுங்குவதே இன்றும் கட்டாயம்.

கருவி தன்னைப் பற்றிச் சொல்வதைக் கணினி அப்படியே நம்புகிறது என்பது யூ.எஸ்.பி.யின் எளிமைக்கும் வலுவின்மைக்கும் ஒருசேரக் காரணம். விரலியின் உருவில் உள்ள ஒரு கருவி, நான் விசைப்பலகை என்று சொன்னால் கணினி அதை விசைப்பலகையாகவே ஏற்று, அது தட்டும் கட்டளைகளை நிறைவேற்றும். 2014இல் கார்சுடன் நோல், யாக்கோப் லெல் ஆகிய ஆய்வாளர்கள் சாதாரண விரலியின் உள் மென்பொருளை மாற்றி இதைச் செய்துகாட்டினர். வழியில் கண்டெடுத்த விரலியைக் கணினியில் செருகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சி வகை

2014இல் வகுக்கப்பட்ட சி வகை இணைப்பி நீள்வட்ட வடிவில், இருபுறமும் செருகத்தக்கதாய், 24 ஊசிகளைக் கொண்டது. இது ஓர் உருவம் மட்டுமே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு மடிக்கணினியின் சி வகைத் துறையில் 480 மெகாபிட்டு யூ.எஸ்.பி. மட்டும் இருக்கலாம். அல்லது 40 சிகாபிட்டு தண்டர்போல்ட்டு, டிசுப்ளேபோர்ட் படக்குறிகை, மின்னேற்றம் அனைத்தும் இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரு துறைகளே வேறுபடுவதும் உண்டு. 2023இல் வெளிவந்த ஐஃபோன் 15இன் துறை 480 மெகாபிட்டு வேகமுடையது. அதே வரிசையின் புரோ வகைகளில் அதே உருவத் துறை 10 சிகாபிட்டு வேகமுடையது. துறையின் அருகே மின்னல் குறியோ, டிசுப்ளேபோர்ட்டின் குறியோ அச்சிடப்பட்டிருந்தால் அது உதவும். இல்லையேல் கையேட்டைப் பார்ப்பதே வழி.

வடங்களும் அவ்வாறே. கைப்பேசியுடன் வரும் பல சி வடங்களில் அதிவேகத் தரவுக்கான கம்பிகளே இருப்பதில்லை. அவற்றைக்கொண்டு திரையை இணைத்தால் படம் வராது. 3 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தாங்கும் வடத்தின் உள்ளே அதன் திறனைத் தெரிவிக்கும் சிறு சில்லு ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. அச்சில்லுள்ள வடத்தில் 20 வோல்ட்டு, 5 ஆம்பியர் என 100 வாட்டும், 2021இன் திருத்தத்தின்படி அதற்கென அமைந்த வடத்தில் 48 வோல்ட்டில் 240 வாட்டு வரையிலும் செலுத்தலாம்.

இவ்வளவு மின்திறன் கைக்கு எட்டும் வாயில் எப்போதும் நின்றுகொண்டிருப்பது ஆபத்து. ஆகவே சி வகை மின்னேற்றியின் வாயில் தொடக்கத்தில் மின்னழுத்தமே இராது. மறுமுனைக் கருவி, சி.சி. என்னும் ஊசியில் 5,100 ஓம் மின்தடையத்தைக் காட்டினால் மட்டுமே 5 வோல்ட்டு வரும். அதற்கு மேல் வேண்டுமானால் இருபுறமும் பேசி உடன்பட வேண்டும். சில மலிவான கருவிகளில் இந்த மின்தடையங்கள் விடப்பட்டிருக்கும். அவை ஏ முனையுள்ள பழைய வடத்தில் மின்னேறும், இருமுனையும் சி ஆன வடத்தில் மின்னேறா. 2019இல் வெளிவந்த ராசுபெரி பை 4 பலகையிலும் இரு சி.சி. ஊசிகளுக்கும் தனித்தனியே இருக்க வேண்டிய மின்தடையம் பொதுவான ஒன்றாக அமைக்கப்பட்டதால், சில்லுள்ள தரமான வடங்களில் பலகை இயங்காமலும் எளிய வடங்களில் இயங்கியும் வியப்பளித்தது. பின்னர் வந்த பலகைகளில் இது திருத்தப்பட்டது.

தவறாகக் கட்டப்பட்ட வடம் எத்தகைய தீங்கைச் செய்யும் என்பதற்கு 2016இன் நிகழ்வு ஒன்று சான்று. கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியூங் இணையக் கடைகளில் விற்கும் சி வடங்களை வாங்கிச் சோதித்து மதிப்புரை எழுதிவந்தார். அவற்றுள் ஒன்றில் மின்சாரக் கம்பியும் புவிக் கம்பியும் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்தன. செருகியதும் அவருடைய சோதனைக் கருவிகளும் மடிக்கணினியும் பழுதாயின. வடத்தின் வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் தெரிவதற்கில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய நெறியுறுத்தலின்படி, அங்கு விற்கப்படும் கைப்பேசி முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் மின்னேற்றத்துக்குச் சி வகைத் துறை கட்டாயம் என விதிக்கப்பட்டது.

வலையமைப்புத் துறை

ஈதர்நெட் வடத்துக்குரிய சதுர வாய் பொதுவாக ஆர்.சே.45 எனப்படுகிறது. எட்டுக் கம்பிகள் நான்கு முறுக்கிணைகளாக இதில் சேர்கின்றன. நொடிக்கு 100 மெகாபிட்டு முறை இரண்டு இணைகளை மட்டுமே பயன்படுத்தும். 1999இல் சீர்தரமான ஒரு சிகாபிட்டு முறைக்கு நான்கும் தேவை. ஆகவே ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு அறுபடாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி இயங்குவது உண்டு. கட்டணம் செலுத்தும் இணைய வேகம் அதைவிடக் கூடுதலாயிருந்தும் சரியாக 95 மெகாபிட்டு அளவிலேயே நின்றால், நிறுவனத்தைக் குறை கூறுமுன் வடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். வடத்தின் நீளம் 100 மீட்டர் வரை இருக்கலாம்.

தொலைபேசிச் செருகி இதைவிடச் சிறியது, எனவே இவ்வாயில் நுழைந்துவிடும். அது பொருத்தம் அன்று. மணி ஒலிக்கும்போது தொலைபேசிக் கம்பியில் 75 வோல்ட்டுக்கு மேலான மாறுமின்னழுத்தம் வரும். தொலைபேசிவழி இணையம் பரவலாக இருந்த காலத்தில் இடிமழையின்போது மோடமும், சிலவேளை அதனுடன் தாய்ப்பலகையும் எரிந்தது அக்கம்பியின் வழியேதான். கணினியின் மின்செருகியைப் பிடுங்கியவர்கள் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுவர்.

ஒலித் துறைகளும் பிறவும்

ஒலிக்கான 3.5 மில்லிமீட்டர் வட்டத்துளைகளில் பச்சை ஒலிபெருக்கிக்கும், இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கும், இளநீலம் வெளிக்கருவியின் ஒலியை உள்வாங்குவதற்கும் உரியன. கைப்பேசியின் காதணிக் கருவியில் ஒலிவாங்கியும் சேர்ந்து நான்கு உலோக வளையங்கள் இருக்கும். மேசைக்கணினியின் பச்சைத் துளை மூன்றை மட்டுமே அறியும் என்பதால் பாட்டுக் கேட்கும், நம் குரல் போகாது. இரண்டாகப் பிரிக்கும் சிறு வடம் கடைகளில் கிடைக்கும்.

வழக்கொழிந்தவற்றுள் 1995இல் சீர்தரமாக்கப்பட்ட ஃபயர்வயர் குறிப்பிடத்தக்கது. மினி டிவி நாடாக் கேமராக்கள் எண்முறைப் படக்காட்சியை இதன்வழியே கணினிக்குக் கொடுத்தன. தமிழகத்தில் 2000களில் திருமண நிகழ்படம் எடுத்த நிலையங்களில் இத்துறையுள்ள கணினி இன்றியமையாததாக இருந்தது. அக்கேமராவின் யூ.எஸ்.பி. வாய் பெரும்பாலும் நிழற்படங்களுக்கும் குறைந்த தரக் காட்சிக்கும் மட்டுமே. நாடாவில் உள்ளதை அப்படியே எடுக்க ஃபயர்வயர் வேண்டும். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரமும் ஏறத்தாழ 13 சிகாபைட்டு இடமும் தேவை. 2025இல் வெளிவந்த மேக் இயங்குதளப் பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டது. வீட்டு அலமாரியில் இத்தகைய நாடா வைத்திருப்போர், இயங்கும் கேமரா ஒன்றும் இத்துறையுள்ள பழைய கணினி ஒன்றும் கிடைக்கும்போதே அவற்றைப் படியெடுத்துக்கொள்வது நல்லது.